உள்ளங்கையைக் காட்டுங்கள்

பல் டாக்டரிடம் யாரும் தோலைக் காட்ட வருவதில்லை. பல் முளைக்கவில்லை, பல் ஆடுகிறது, வாய்க்குள் உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வழிகிறது என்றுதான் வருவார்கள். அதனால்தான், மருத்துவப் புத்தகங்களில் தோல் புற்றுநோய்ப் பகுதியில் அச்சாகியிருக்கும் ஒரு பரம்பரை நோயை நம் ஊரில் பல நேரம் பல் டாக்டர்கள்தான் முதலில் பார்க்கிறோம் என்று சொன்னால், தோல் மருத்துவம் படித்த என் தோழி இன்னும் சண்டைக்கு வருகிறாள். நோயின் பெயர் கோர்லின் சிண்ட்ரோம். அவள் படித்த புத்தகத்தில் அதற்குப் படம், வெள்ளைக்காரர் ஒருவரின் முதுகு நிறையச் சிவந்த கட்டிகள். என் கணினியில் இருக்கும் படம் வேறு.

அது ஒரு ஓபிஜி. தாடை முழுவதையும் காதிலிருந்து காது வரை விரித்து ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே. பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மேலே வலப்பக்கக் கோரைப்பல் வரவில்லை, "சிங்கப்பல் இல்லாம சிரிக்கவே கூச்சப்படுறான்" என்று அம்மா அழைத்துவந்திருந்தார். வீக்கம் இல்லை, வலி இல்லை. கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் படம் எடுத்தோம். படத்தில் கீழ்த்தாடையின் வலது மூலையில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், கறுப்பாக நீள்வட்டமாய் ஒரு வெற்றிடம். சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. இன்னும் முளைக்காத ஞானப்பல்லை அது தாடையின் அடிவிளிம்புவரை தள்ளிவிட்டிருந்தது. இடது மூலையிலும் அதேபோல் ஒன்று, கொஞ்சம் சிறியது. மேலே, வராத சிங்கப்பல்லைச் சுற்றி மூன்றாவது.

இந்த வகை நீர்க்கட்டிக்கு கெரட்டோசிஸ்ட் என்று பெயர். இது பெரும்பாலும் எலும்பை வெளிப்பக்கம் புடைக்க வைக்காது. உள்ளே மஜ்ஜை இருக்கும் பாதையிலேயே நீளவாக்கில் அரித்துக்கொண்டு போகும். அதனால் முகத்தில் ஒன்றும் தெரியாது. பாதித் தாடை போன பிறகும் ஆள் முறுக்குக் கடித்துக்கொண்டிருப்பார். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது நீர்கூட இல்லை, கெட்டியான வெள்ளைக் கெரட்டின். தோலின் மேலடுக்கில் இருக்கிற அதே சரக்கு. கட்டியின் உள்சுவரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஏழெட்டுச் செல் தடிமனில் ஒரு மெல்லிய படலம், அதன் அடிவரிசைச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசை பிசகாமல் நிற்கும். தோல் புற்றுநோய்க் கதையும் அந்த அடிவரிசையில்தான் நடக்கிறது. ஆக, தாடை எலும்புக்குள் உட்கார்ந்திருப்பதும் ஒரு வகையில் தோல் சமாச்சாரம்தான்.

ஒரு கெரட்டோசிஸ்ட் யாருக்கும் வரலாம். பதினான்கு வயதில் மூன்று இருந்தால் அது தற்செயல் இல்லை.

"கையை நீட்டு தம்பி" என்றேன். அம்மா சிரித்துவிட்டார். "என்ன டாக்டரம்மா, கைரேகையும் பாப்பீங்களா?"

கைரேகைதான் ஒரு விதத்தில். கோர்லின் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அந்த இடத்தில் தோலின் மேலடுக்கு சரியாகக் கட்டப்படாமல் விட்டுப்போயிருக்கும், அதனால் குழியின் அடி லேசாகச் சிவந்து தெரியும். காய்ந்த கையில் சட்டென்று கண்ணுக்குப் படாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டுப் பார்த்தால், தோல் வெளுத்து உப்பிவிட, குழிகள் மட்டும் புள்ளி வைத்தது போலத் தனியாகத் தெரியும். காசில்லாத பரிசோதனை. ஸ்டெரிலைசர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் எப்போதும் வைத்திருக்கிறேன். பையனின் இரண்டு கையிலும் குழிகள் இருந்தன. அதன் பிறகு அம்மாவின் கையைக் கேட்டேன். தோட்டவேலை செய்த கை, காய்ப்புக் காய்த்திருந்தது. ஊறிய பிறகு அதிலும் தெரிந்தன, மகனுக்கு இருந்ததைவிட அதிகமாகவே.

"உங்களுக்குத் தாடையில எப்பவாவது ஆபரேஷன் நடந்திருக்காக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ. பல்லெடுத்த எடத்துல சீழ்க்கட்டின்னு சொரண்டி எடுத்தாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

அதுக்கும் இதுக்கும் என்ன என்று முதலில் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் எங்கள் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ராபர்ட் கோர்லின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில் வாய் நோயியல் பேராசிரியர். தோல் மருத்துவரான ராபர்ட் கோல்ட்ஸுடன் சேர்ந்து 1960இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மூன்று சங்கதிகள் வரிசையாக நிற்கும்: தோலில் ஏராளமான கட்டிகள், தாடையில் நீர்க்கட்டி, பிளவுபட்ட விலா எலும்பு. தோல் டாக்டர் ஒன்றைப் பார்க்கிறார், பல் டாக்டர் இன்னொன்றைப் பார்க்கிறார், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவர் விலா எலும்பின் நுனி இரண்டாகக் கிளைத்திருப்பதைப் பார்த்து "பிறவி அமைப்பு" என்று எழுதிவிட்டுப் போகிறார். மூவரும் பார்ப்பது ஒரே விஷயத்தை. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் 1894இலிருந்தே இருக்கின்றன. எகிப்தில் தோண்டியெடுத்த பழங்கால எலும்புக்கூடுகளிலும் இதே அடையாளங்கள் இருப்பதாக 1969இல் ஒரு கட்டுரை வந்தது. நோய் புதிது இல்லை, சேர்த்துப் பார்த்ததுதான் புதிது.

மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். தலை சராசரியைவிடப் பெரிதாக இருக்கலாம், நெற்றி முன்தள்ளியிருக்கலாம், கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருக்கலாம். மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே தொங்கும் திரையில் இளவயதிலேயே சுண்ணாம்பு படியும். பெண்களுக்குச் சூலகத்தில் சாதுவான நார்க்கட்டி வரலாம். எல்லோருக்கும் எல்லாமும் வராது. இந்தப் பையனுக்கு முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

இனி தோலுக்கு வருகிறேன். இந்த நோயில் வரும் தோல் புற்றுநோய்க்கு பேசல் செல் கார்சினோமா என்று பெயர். தோலின் அடிவரிசைச் செல்களிலிருந்து கிளம்புவது. பெரும்பாலும் உடம்புக்குள் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தை அரிக்கும். மூக்கு நுனியிலும் கண்ணோரத்திலும் வந்தால் வெட்டி எடுத்து எடுத்து முகமே மாறிப்போகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 105 நோயாளிகளைப் பரிசோதித்து 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளைத் தோல்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தது. சிலருக்கு ஒன்றிரண்டு, அதிகபட்சமாக ஆயிரத்துக்கும் மேல். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் வந்தது 38 சதவீதம் பேருக்குத்தான், அவர்களுக்கும் ஒன்று முதல் மூன்று கட்டிகள் வரைதான். அதே ஆய்வில் தாடைக் கட்டி மொத்தத்தில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது, உள்ளங்கைக் குழி 87 சதவீதம் பேருக்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அந்த ஆய்வில் மிகச் சிலர்தான் என்பதால் அந்த 38ஐ அப்படியே தூக்கி நம் ஊருக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் திசை தெளிவு. தோலுக்குக் கருமை தரும் மெலனின் வெயிலைத் தடுக்கிறது, ஆகவே தோலில் கட்டி குறைகிறது. தாடைக்குள் வெயில் இல்லை, மெலனினுக்கு அங்கே வேலையும் இல்லை. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் வரும் கோர்லின் நோயாளிகளின் கதைகள் பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து இவ்வளவு வருவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். என் தோழியோடு சண்டையும் இதைப் பற்றித்தான்: வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடத்தை நம்மிடம் அப்படியே நடத்தினால், முதுகில் ஒன்றும் இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று அனுப்பிவிடுவோம்.

நோயின் வேர் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1992இல் இடத்தைத் தோராயமாகக் குறித்துவிட்டார்கள். 1996இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மரபணுவைக் கையில் பிடித்தன. அது ஏற்கெனவே ஈயில் பார்த்த மரபணு. ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் புழுக்களை ஆயிரக்கணக்கில் வைத்து, எந்த மரபணு கெட்டால் புழுவின் உடல் எப்படிக் கோணுகிறது என்று அலசி 1980இல் ஒரு பட்டியல் போட்டார்கள் (1995இல் நோபல் பரிசு). அதில் ஒரு மரபணு கெட்டால் புழு முழுக்க முள்ளாகிவிடும், அதனால் அதற்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்று பெயர். இன்னொன்று பேட்ச்டு. அந்தப் பேட்ச்டின் மனித வடிவம்தான் பிடிசிஎச்1. மனிதர்களிடம் இருக்கும் முள்ளெலி மரபணுக்களில் ஒன்றுக்கு வீடியோ கேம் பொம்மை சோனிக்கின் பெயரை வைத்ததெல்லாம் விஞ்ஞானிகளின் குறும்பு. நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லி விளக்க நேரும் டாக்டரின் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

பிடிசிஎச்1 செய்யும் வேலை இவ்வளவுதான். செல்லின் மேல்சவ்வில் ஸ்மூத்தன்டு என்று ஒரு புரதம் இருக்கிறது. சும்மா விட்டால் அது "பிரி, வளர், பெருகு" என்று உள்ளே சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். கோழியைப் பஞ்சாரம் போட்டு மூடுவது போல பேட்ச்டு புரதம் அதை அடக்கி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து முள்ளெலி புரதம் வந்து பேட்ச்டின்மேல் ஒட்டினால்தான் பஞ்சாரம் கொஞ்ச நேரம் தூக்கப்படும். கருவில் கை, கால், முகம், மூளை, விலா எல்லாம் அதனதன் இடத்தில் அதனதன் அளவில் உருவாக இந்தத் தூக்கலும் மூடலும் வேண்டும். அதனால்தான் இதில் பிறழ்வு வந்தால் பல், விலா, தலை, தோல் என்று சம்பந்தமில்லாதது போல் தோன்றும் இடங்களிலெல்லாம் அடையாளம் விழுகிறது.

நம்மிடம் எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. கோர்லின் நோயாளிக்கு பிடிசிஎச்1இன் ஒரு பிரதி உடம்பின் எல்லாச் செல்லிலும் பிறக்கும்போதே பழுது. மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு செல் சமாளிக்கும். ஆனால் லட்சக்கணக்கான தோல் செல்களில் ஏதோ ஒன்றில் வெயிலோ வேறு எதுவோ அந்த இரண்டாவது பிரதியையும் கெடுத்துவிட்டால், அந்தச் செல்லில் அடக்க ஆளில்லை. ஆல்ஃப்ரெட் நட்சன் 1971இல் குழந்தைகளின் கண் புற்றுநோயைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்ன இரண்டு அடிக் கோட்பாடு இதுதான். சாதாரண ஆளுக்கு ஒரே செல்லில் இரண்டு அடியும் விழ வேண்டும், அதற்கு அறுபது எழுபது வயதாகும். இவர்களுக்கு முதல் அடி பிறவியிலேயே விழுந்தாயிற்று. தாடைக் கட்டியிலும் இதே கதைதான். இன்னொன்றும் தெரியவந்தது. பரம்பரை இல்லாமல், வெயிலில் திரிந்து பேசல் செல் கார்சினோமா வரும் சாதாரண ஆட்களின் கட்டியை எடுத்து ஆராய்ந்தாலும் பெரும்பாலானவற்றில் உடைந்திருப்பது இதே சமிக்ஞைப் பாதைதான். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வரும் அரிய நோய், உலகில் மிக அதிகமாக வரும் ஒரு புற்றுநோயின் பூட்டைத் திறந்து காட்டிவிட்டது.

அரிய நோய் என்றால் எவ்வளவு அரிது? பிரிட்டனில் முதலில் எடுத்த கணக்கு 57,000 பேருக்கு ஒருவர் என்றது. பிறகு இன்னும் கவனமாகத் தேடிய கணக்கில் சுமார் 31,000 பேருக்கு ஒருவர். தேடினால் கூடுகிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஆட்டுக்குட்டிகள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில், மலை மேய்ச்சலுக்குப் போய்வந்த செம்மறியாடுகள் விகாரமான குட்டிகளைப் போட்டன. சில குட்டிகளுக்கு நெற்றி நடுவில் ஒற்றைக் கண். வம்சக் கோளாறு என்று பேச்சு கிளம்பியது. மந்தையில் அப்படி ஒரு பெயர் விழுந்தால் அதன்பின் கிடாவை யார் வாங்குவார்கள்? வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் ஆடுகளின் பின்னாலேயே மலைக்குப் போய், எதைத் தின்கின்றன என்று பார்த்துக்கொண்டு கோடைகளைக் கழித்தார்கள். காரணம் வம்சம் இல்லை, ஒரு செடி: வெராட்ரம் கலிஃபோர்னிகம் என்ற காட்டு லில்லி வகை. சினைப்பட்ட பதினான்காவது நாளில் தாய் ஆடு அதைத் தின்றால் ஒற்றைக்கண் குட்டி. அந்த நாள் தப்பிவிட்டால் ஒற்றைக் கண் வருவதில்லை. ஆகவே தீர்வும் எளிது. சினைக் காலத்தின் முதல் வாரங்களில் அந்த மேட்டுக்கு ஆட்டை ஓட்டாதே. செடியிலிருந்து பிரித்தெடுத்த நச்சுக்கு, கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் ஞாபகமாக சைக்ளோபமைன் என்று பெயர் வைத்துவிட்டு எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

முப்பது வருடம் அது அலமாரியில் கிடந்தது. 1996இல், கோர்லின் மரபணு கிடைத்த அதே வருடம், சோனிக் முள்ளெலி மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு உருவானதைக் கண்டார்கள். ஆட்டுக்குட்டிக்கும் எலிக்குட்டிக்கும் முடிச்சுப் போட அதிக நேரம் ஆகவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிலிப் பீச்சியின் குழு 1998இல், சைக்ளோபமைன் இந்தச் சமிக்ஞைப் பாதையைத்தான் அடைக்கிறது என்று காட்டியது. பிறகு, அது நேராகப் போய் ஒட்டுவது ஸ்மூத்தன்டில் என்றும் தெரிந்தது. பேட்ச்டு இல்லாத செல்லில் ஸ்மூத்தன்டை அடக்க வெளியிலிருந்து ஒரு மருந்து போதும் என்றால், குட்டியின் கண்ணைக் கெடுத்தது கட்டியையும் கெடுக்கும் அல்லவா?

கெடுத்தது. அதே இடத்தில் வேலை செய்யும் வேறொரு மூலக்கூறான விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012 ஜனவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே வருடம் 41 கோர்லின் நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அறுவை செய்ய வேண்டிய அளவுக்குப் புதிதாக வந்த கட்டிகள் வருடத்துக்கு 2, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 29. சிலருக்குத் தாடைக் கட்டியும் சுருங்கியது. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம் பேர் பக்கவிளைவு தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். நாக்கில் ருசி செத்துவிடும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், முடி கொட்டும், எடை இறங்கும். நிறுத்தினால் கட்டி திரும்பி வரும். ஆட்டுக்குட்டிக்கு ஆனது மனிதக் கருவுக்கும் ஆகும் என்பதால் கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சிப் பகுதி முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயம் உண்டு. "மாத்திர இருக்காமே, போன்ல பாத்தேன்" என்று பையனின் அப்பா கேட்டபோது, இவ்வளவையும் சொல்லி, இப்போதைக்கு இவனுக்கு இல்லை என்றேன்.

மாத்திரை இல்லை, மரபணுவைத் திருத்தவும் வழியில்லை என்றால், பெயரைக் கண்டுபிடித்து என்ன லாபம்? இந்தக் கேள்வியை என்னிடம் டாக்டர்களே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் கதிர்வீச்சு.

கோர்லின் குழந்தைகளில் சிலருக்கு இரண்டு மூன்று வயதுக்குள் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வரும். அந்தப் புற்றுநோய்க்கு வழக்கமான வைத்தியம் அறுவை, கீமோ, கூடவே மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ரேடியேஷன். சாதாரணக் குழந்தைக்கு உயிர் காக்கும் அந்த ரேடியேஷன், பிடிசிஎச்1இன் ஒரு பிரதி மட்டும் வைத்திருக்கும் குழந்தைக்கு அந்த ஒன்றையும் செல் செல்லாகத் தேடி உடைக்கும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள், கதிர் பட்ட பிடரியிலும் முதுகிலும் மட்டும் கொத்துக் கொத்தாக பேசல் செல் கார்சினோமா கிளம்பும். பள்ளிக்கூடம் போகிற வயதில் முதுகில் நூற்றுக்கணக்கில். இது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல, 1970களிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. கதிர் கொடுக்கும் முன் யாராவது அந்தக் குழந்தையின், அதைவிட முக்கியமாக அதன் அம்மா அப்பாவின், உள்ளங்கையையும் தாடை எக்ஸ்ரேயையும் பார்த்திருந்தால் வைத்தியத்தின் திட்டமே மாறியிருக்கும். வேறு வழியில்லாத இடத்தில் கதிர் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் தெரிந்து கொடுப்பது வேறு.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். முகத்தில் ஒரு பேசல் செல் கட்டி, வயதானவர், அறுவை வேண்டாம், ரேடியேஷன் கொடுத்துவிடலாம் என்பது மற்றவர்களுக்கு நல்ல யோசனை. கோர்லின் நோயாளிக்கு அது அடுத்த கட்டிகளுக்கு விதை.

எக்ஸ்ரே எடுத்தே நோயைக் கண்டுபிடிக்கும் நான் இதைச் சொல்வதில் ஒரு முரண் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஓபிஜியில் படும் கதிர் இயற்கையிலிருந்து சில நாட்களில் நம்மேல் படும் அளவுதான். 8 வயது வாக்கிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது இந்த நோயில் பொதுவான வழக்கம், அதனால் கிடைக்கும் பலன் பெரிது. ஆனால் "எதுக்கும் ஒரு சிடி பாத்திரலாம்" என்று எழுதும் கையைக் கட்டிப்போட வேண்டும். கதிர் இல்லாத எம்ஆர்ஐ போதுமான இடத்தில் எம்ஆர்ஐ.

பையனின் அப்பா கேட்ட இரண்டாவது கேள்வி, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது. "நாங்க அக்கா மக, தாய்மாமன் வழி. சொந்தத்துல கட்டினதால வந்துச்சா?"

இல்லை. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது. இந்த இடத்தில் நம் ஊர் பொதுப்புத்தி குழம்பிப்போகிறது. பரம்பரை நோய் என்றாலே உறவுத் திருமணம் என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம். வெயில் பட்டாலே தோல் புண்ணாகும் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயில் அந்தப் பேச்சு சரி. அதற்கு இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும், ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம். கோர்லினுக்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். அமெரிக்காவில் கட்டியிருந்தாலும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. 20 முதல் 30 சதவீதம் பேருக்கு அம்மா அப்பா இருவரிடமும் இல்லாமல், கருவுறும் கட்டத்தில் புதிதாகவே பிறழ்வு உண்டாகிறது. அந்த வீட்டில் "எங்க பரம்பரைல இப்படி யாருக்கும் இல்லையே" என்பது பொய் இல்லை.

பிறழ்வும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மரபணுவின் நீளம் முழுக்க எங்கு வேண்டுமானாலும் இருக்கும், அநேகமாகக் குடும்பத்துக்கு ஒன்று. பெரும்பாலும் புரதத்தைப் பாதியிலேயே துண்டாக்கிவிடும் வகை. எந்த இடத்தில் உடைந்தால் எவ்வளவு கடுமை என்று ஜோசியம் சொல்ல முடியாது, ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஒரு கட்டி, மகனுக்கு மூன்று. சில குடும்பங்களில் பிடிசிஎச்1 நன்றாகவே இருக்கும். அதே பாதையில் இன்னும் கீழே பிரேக் பிடிக்கும் சுஃபு என்ற மரபணு உடைந்திருக்கும். அங்கே கவலை வேறு. பிடிசிஎச்1 குழந்தைகளில் மெடுல்லோபிளாஸ்டோமா வருவது 2 சதவீதத்துக்கும் கீழே. சுஃபு குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு என்று 2014இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. அந்தக் குடும்பங்களில் தாடைக் கட்டி அரிது. அதாவது ஆபத்து அதிகமான வகையில் பல் டாக்டருக்குத் துப்பே கிடைக்காது. என் தோழி வாதத்தில் ஜெயிக்கிற ஒரே இடம் இது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பையனுக்குத் தங்கச்சி ஒருத்தி, ஆறு வயது. "பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா யார் கட்டுவா?" இதற்கு அறிவியல் பதில் கிடையாது, நானும் சொல்ல முயலவில்லை. ரிப்போர்ட்டை ஊர் படிக்காது, வீட்டில் பூட்டி வையுங்கள் என்றேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையை வருஷா வருஷம் படம் எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். இரண்டாவது காரணம்தான் எடுபட்டது என்று நினைக்கிறேன்.

முதலில் பையனுக்கு எடுத்தார்கள். வரிசையும் முக்கியம். நோய் தெரிந்த ஆளிடம் மரபணுவின் எந்த எழுத்து உடைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான், மற்றவர்களிடம் அந்த ஒரு எழுத்தை மட்டும் தேடி ஆம் அல்லது இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். எடுத்த எடுப்பில் தங்கச்சிக்குச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்திருந்தால் அதை நம்ப முடியாது. பிடிசிஎச்1இல் பிறழ்வு கிடைத்தது. அம்மாவிடமும் அதே.

அறுவையைப் பல் கல்லூரி ஆஸ்பத்திரியில் முகத்தாடை அறுவை நிபுணர்கள் செய்தார்கள். சின்னவை இரண்டையும் முழுதாகச் சுரண்டி எடுத்து, எலும்பின் உள்சுவரில் கார்னாய் திரவத்தைச் சில நிமிடம் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் மிச்சச் செல்களைச் சுட்டுவிடுவதற்கு. ஒரு துணுக்கு விட்டுப்போனாலும் கட்டி மறுபடி வளரும். கெரட்டோசிஸ்டின் கெட்ட பெயரே அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை நீர்க்கட்டி இல்லை, ட்யூமர் என்று பெயர் மாற்றி, 2017இல் மறுபடி பழைய பெயருக்கே வந்தது, அவ்வளவு இழுபறி. வலது மூலையில் இருந்தது பெரியது, நரம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. அதை உடனே எடுக்காமல் வாய்க்குள் ஒரு துளை போட்டுத் திறந்து வைத்து, உள்ளழுத்தம் குறைந்து தானே சுருங்க விட்டார்கள். அந்தத் துளையைத் தினமும் சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பையன், அலுப்புப்படாமல் செய்தான். சிங்கப்பல் இப்போது இறங்கிவருகிறது, கிளிப் போட்டிருக்கிறோம்.

அம்மாவைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன், அதே தோழியிடம். கழுத்துப் பின்பக்கம் மச்சம் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்த ஒன்றை அவள் வெட்டி பயாப்சிக்கு அனுப்பினாள். பேசல் செல் கார்சினோமா. கறுத்த தோலில் அது பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும், மச்சம் மாதிரியேதான் இருக்கும். முழுதாக எடுத்தாயிற்று. தோட்டத்துக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதுகை வருடத்துக்கு இரண்டு முறை காட்ட வேண்டும்.

தங்கச்சியின் ரிப்போர்ட் கடைசியாக வந்தது. அவளிடம் அந்தப் பிறழ்வு இல்லை. இனி அவளுக்கு இதற்காக ஓபிஜியும் வேண்டாம், எந்தப் படமும் வேண்டாம், அவள் பிள்ளைகளுக்கும் அம்மா வழியில் இது போகாது. அண்ணனுக்கு அடுத்த ஓபிஜி முழுப்பரீட்சை முடிந்ததும்.